பாலாடை அளவு

உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில், சிகிச்சை முடிந்துவிட்டது என்று உற்றார் உறவினர் எண்ணி மகிழ்வது இயல்பே. ஆனால் சிகிச்சையின் சிறு பகுதிதான் அன்று முடிந்திருக்கிறது, பெரும் பகுதி அன்றைக்குத்தான் வீட்டுச் சமையலறையில் தொடங்குகிறது. சஸ்திர வைத்தியர் தம் வேலையை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். தாதியரும் இரண்டு மூன்று நாட்கள் கண்ணை இமை காப்பதுபோலக் காத்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பின் வரும் மாதங்களில் குமட்டலும் மயக்கமும் மலச்சிக்கலும் தலைமயிர் உதிர்வதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எட்டிப் பார்க்கும்போது, இவற்றில் எது தானே போய்விடும், எதற்கு வீட்டிலேயே பரிகாரம் உண்டு, எதற்காக அந்த நிமிஷமே வண்டி ஏறவேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நோயாளியும், அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் தாயாரோ மனைவியோ கணவரோதான். அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய அறிவை இயன்றவரை தெளிவாகச் சொல்ல இந்த அத்தியாயத்தில் முயல்கிறேன்.

உபாதையை அறியவேண்டுமானால், உள்ளே நேர்ந்திருக்கும் மாறுதலை முதலில் அறியவேண்டும். வயிறாரச் சாப்பிட்ட ஒருவரின் இரைப்பை ஒரு லிட்டரும் கொள்ளும், அதற்கு மேலும் கொள்ளும். இன்று உலகத்தில் மிகுதியாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ என்னும் முறையில், அந்த இரைப்பையை நெடுக்காக வெட்டி ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அகற்றிவிட்டு, வாழைக்காய் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அதில் 100 முதல் 150 மில்லிலிட்டர் வரைதான் கொள்ளும். ‘பைபாஸ்’ என்னும் மற்றொரு முறையில், இரைப்பையின் உச்சியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்தெடுத்து, சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டி, அதற்குக் கீழுள்ள பகுதியோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். அந்தப் பையின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். அதாவது நம் பாட்டிமார் கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்றிரண்டு அளவு. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் சஸ்திர வைத்தியர் இந்தப் பைபாஸ் முறையைத் தொடங்கிவைத்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கப்பெற்றவர்கள் அதன்பின் உடல் இளைத்தே இருந்தார்கள் என்ற சாதாரண அவதானிப்பே அவருடைய யோசனைக்கு வித்தாக அமைந்தது.

இன்னொரு மாறுதலும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையில் சுரக்கும் ‘கிரெலின்’ என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பசி என்று நாம் சொல்லும் உணர்ச்சியை மூளைக்கு அறிவிக்கும் தூதர்களில் அது பிரதானமானது. அது மிகுதியாகச் சுரப்பதோ இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவ் முறையில் அகற்றப்படுவதும் அதே பகுதியாதலால், முதற் சில மாதங்களில் பசி என்பதையே நோயாளி மறந்துவிடுகிறார். பிறந்த நாள் முதல் தம்மை உண்ணச் சொல்லியும் பருகச் சொல்லியும் நடத்திவந்த உள்ளுணர்ச்சி இப்பொழுது வழிகாட்டாது என்பதையும், அதன் ஸ்தானத்தில் சுவரிலுள்ள கடிகாரத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டுவிட்டால், வீட்டில் வரும் உபாதைகளில் பாதி வராமலே போகும். அளவைக் குறைத்தது வைத்தியரின் வேலை. காலத்தை நீட்டித்துக்கொள்வது நம்முடைய வேலை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் யோசனைகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே பிறப்பவை.

வீடு வந்த முதல் நாள் பலர் முறையிடுவது வயிற்று வலியை அல்ல, தோள்பட்டை வலியை. வயிற்றில் கத்தி வைத்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று அவர்கள் திகைக்கிறார்கள். இக்காலத்தில் இந்தச் சிகிச்சையைச் சிறு துளைகளின் வழியே செய்கிறார்கள். உள்ளே கருவிகள் நடமாட இடம் வேண்டி, வயிற்றைக் கரியமில வாயுவால் பந்துபோல் உப்பவைக்கிறார்கள். எஞ்சி நின்ற வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த உதரவிதானத்துக்குக் கழுத்திலிருந்து இறங்கிவரும் நரம்பு, தோளின் உணர்ச்சி நரம்புகள் புறப்படும் அதே இடத்தில் தோன்றுவதாகையால், மூளை இடம் தவறித் தோள் வலிக்கிறது என்று எண்ணிக்கொள்கிறது. வாயு இரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும்; இரண்டு மூன்று நாட்களில் வலியும் அகலும். கூடத்திலும் தாழ்வாரத்திலும் மெதுவாக நடப்பது இதற்கு உபகாரமாகும். காலில் இரத்தம் உறைந்துபோகாமல் காப்பதும் அதே நடைதான். வலிக்கு மாத்திரை வேண்டுமென்றால் வைத்தியர் எழுதிக்கொடுத்த பாரசிட்டமால் போதும். மருந்துக் கடையில் கேட்டவுடனே கிடைக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் முதலியவை, முக்கியமாகப் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, குடலை இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கக் கூடியவை. முழங்கால் வலிக்கு வழக்கமாகப் போட்டுக்கொண்ட மாத்திரைதானே என்று பழைய டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. புகை பிடிப்பதும் அதே புண்ணுக்குக் காரணமாகிறது.

இனி ஜலத்தைப் பற்றி. இதைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் வீடு சென்ற நோயாளிகளை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் காரணங்களில் முன்னிற்பது உடலில் நீர் வற்றிப்போவதே. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் பானமாவது உள்ளே சென்றாக வேண்டும். ஆனால் முன்போல் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிக்க இயலாது. குடித்தால் நெஞ்சை அடைத்துத் திரும்பிவிடும். விழித்திருக்கும் பதினைந்து மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் என்றால் மணிக்கு 100 மில்லி. கால் மணிக்கு 25 மில்லி. கணக்கு இவ்வளவுதான், ஆனால் இந்தக் கணக்கை நாள் முழுதும் நடத்திக்காட்டுவதற்கு ஒரு வீடே ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மையார் ஸ்லீவ் சிகிச்சை முடிந்து வீடு வந்த நான்காம் நாள், தலை வலிக்கிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாய் உலர்கிறது, குமட்டலாக இருக்கிறது என்று படுத்துவிட்டார். பலவீனம் என்று கருதி அவருடைய தாயார் ஒரு பெரிய டம்ளர் நிறைய இளநீரைக் கொடுத்து, “ஒரே மூச்சில் குடித்துவிடம்மா, தெம்பு வந்துவிடும்” என்றார். குடித்த சில நிமிஷங்களில் அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. குமட்டலுக்குப் பயந்து அதன்பின் அவர் எதையுமே தொடவில்லை. தொடாததனால் நீர் இன்னும் வற்றியது. வற்றியதனால் குமட்டல் இன்னும் மிகுந்தது. வீட்டிலிருந்த பாட்டியார்தான் அலமாரியைத் திறந்து, அந்த அம்மையார் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பழைய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தார். உப்புப் போட்டு நீர்க்கக் கரைத்த மோரை அதில் ஊற்றி, கடிகாரத்தின் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாலாடையில் உள்ளதை ஒரேயடியாகச் சாய்க்காமல் வாய் நனையும் அளவு, பிறகு சற்றுப் பொறுத்து மறுபடி வாய் நனையும் அளவு என்று, கால் மணிக்கு ஒரு பாலாடை வீதம் மாலை வரையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். காலையில் மஞ்சள் கரைத்தாற்போல் இருந்த சிறுநீர், விளக்கு வைக்கும் நேரத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது, தலைவலியும் விட்டது. எந்தப் புத்தகத்தையும் படித்து அறியாத பாட்டியார் செய்தது, சாஸ்திரத்துக்கு அணுவளவும் மாறுபடாத வைத்தியம்.

சிறுநீரின் நிறம்தான் இங்கே வீட்டில் கிடைக்கும் சிறந்த அளவுகோல். அது தெளிந்திருக்கும் வரையில் கவலை இல்லை. கருத்துக் குறுகினால் வாயில் செல்லும் துளிகளை அதிகப்படுத்த வேண்டும். வெறும் ஜலம் பிடிக்காதவர்களுக்கு நீர்மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரம் குறைத்த தெளிந்த ரசம் இவற்றில் எது இசைகிறதோ அதைக் கொடுக்கலாம். சிலருக்குக் குளிர்ந்தது பொருந்தும், சிலருக்கு வெதுவெதுப்பே பொருந்தும். சோடாவும் சர்க்கரைப் பானங்களும் வேண்டாம். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். உண்டு முடித்து அரை மணி கழிந்த பிறகே பருகலாம். சிறு பையில் இரண்டுக்கும் ஒரே வேளையில் இடமில்லை. இருக்கும் ஆகாரத்தையும் தண்ணீர் குடலுக்குள் அவசரமாக அடித்துச் சென்றுவிடும்.

ஆகாரம் படிப்படியாகத்தான் மாறவேண்டும். ஏறத்தாழ முதல் இரண்டு வாரம் திரவம்; அதற்குப் பின் குழைய மசித்தது; அதற்குப் பின் மிருதுவானது; ஒன்றரை இரண்டு மாதங்களில் சாதாரண உணவு என்பது பொதுவான முறை. உங்கள் வைத்தியர் எழுதிக்கொடுத்த அட்டவணை இதற்கு மாறுபட்டிருந்தால் அதுவே பிரமாணம். இந்தப் படிகளைத் தாண்டிக் குதிப்பதாலும், அவசரமாக விழுங்குவதாலும், மெல்லாமல் விடுவதாலும்தான் குமட்டலும் வாந்தியும் பெரும்பாலும் வருகின்றன. கூழாகும் வரையில் மென்று, ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் இடையே கரண்டியைக் கீழே வைத்து, சிறு கிண்ணத்து உணவை இருபது முப்பது நிமிஷத்தில் உண்ண வேண்டும். போதும் என்பதைப் புதிய இரைப்பை தன் பாஷையில் சொல்லும்: மார்பெலும்புக்கு அடியில் ஓர் அழுத்தம், ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடிதல். அந்தக் குறிப்பு தோன்றிய கணமே இலையை விட்டு எழுந்துவிட வேண்டும். அதற்குமேல் வைக்கும் ஒரு வாய்தான் அவ்வளவையும் திருப்பிக் கொண்டுவருகிறது.

நம் வீடுகளில் அந்த ஒரு வாய்க்குத் தப்புவது எளிதன்று. “இவ்வளவுதானா சாப்பாடு? கோழி கொத்தினாற்போல் இருக்கிறதே, எனக்காக இன்னும் ஒரு கை” என்று அத்தையும் மாமியாரும் வற்புறுத்துவது அன்பின் மிகுதியால்தான், அந்த அன்பை இவர்கள் விஷயத்தில் வேறு விதமாகக் காட்டவேண்டும் என்று அவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இலையில் முதலில் சோறு விழும் வழக்கத்தையும் இவர்களுக்காக மாற்றவேண்டும். உடல் வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையாமல் இருக்க நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுதான் இருக்கிறது. ஆகையால் முட்டையோ மீனோ பருப்போ தயிரோ பனீரோ முதலில் உண்ணப்பட்டு, இடம் மிஞ்சினால் காய், அதற்கும் பின்னால்தான் சோறு. குழைந்த சோறும், ரொட்டியும், காய்ந்த கோழி இறைச்சியும் உருண்டையாகத் திரண்டு குறுகிய வழியை அடைத்துக்கொள்வது வழக்கம். அப்படி அடைத்துக்கொண்டால் வாயில் வெண்ணுரையாக எச்சில் ஊறும், மார்பில் கல் வைத்தாற்போல் இருக்கும். தண்ணீர் விட்டு அதைத் தள்ள முயலாமல், எழுந்து நடந்து பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் அது இறங்கிவிடும் அல்லது வெளியேறிவிடும். அன்று முழுதும் திரவ ஆகாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் மணிக்கணக்காக நீடித்தால் அது ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டிய விஷயம்.

எப்பொழுதோ ஒரு நாள் வரும் வாந்தியைப் பற்றி இதுவரை சொன்னேன். நாள்தோறும் வரும் வாந்தி வேறு ஜாதி. ‘ஆபரேஷன் செய்தவர்களுக்கு வாந்தி இருக்கத்தான் செய்யும்’ என்று பொறுத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் கழித்துவிடுவதைப் போன்ற பெரிய அபாயம் இந்த அத்தியாயத்தில் வேறு இல்லை. அதை விளக்க நான் நீலகிரிக்கும், நூறு ஆண்டுகளுக்கு முந்திய காலத்துக்கும் செல்ல வேண்டியிருக்கிறது.

1918-ஆம் ஆண்டில் குன்னூரிலுள்ள பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒற்றை அறை ஒன்றில் ‘பெரிபெரி’ நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்னும் வைத்தியர் ஒரு சிறு ஆய்வகத்தைத் தொடங்கினார். அந்த அறைதான் பின்னாளில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசியப் போஷாக்கு நிறுவனமாக வளர்ந்தது. கால் மரத்து, நடை தள்ளாடி, இருதயம் வீங்கி மனிதர்களை மாய்த்த அந்த நோய், அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், தீட்டிய பச்சரிசியை உண்ட கடற்கரை ஜில்லாக்களில் தலைவிரித்தாடியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களிலோ அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயாமின் என்னும் பி-1 வைட்டமின் அரிசியின் உட்புறத்தில் ஊறிப் படிந்துவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அதற்கு முன்னரே ஜாவாவில் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்ததைக் கவனித்த எய்க்மன் என்னும் டச்சு வைத்தியருக்கு, அந்த அவதானிப்புக்காக 1929-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்தப் பழங்கதைக்கும் இன்றைய சிகிச்சைக்கும் உள்ள தொடர்பு நேரானது. தயாமினை உடல் அதிக நாள் சேமித்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்குள் கையிருப்புத் தீர்ந்துவிடும். இரைப்பை சிறுத்து, ஆகாரம் குறைந்து, உண்ட சிறிதும் வாந்தியாகப் போய்க்கொண்டிருந்தால், குளிர்சாதனப் பெட்டி நிறையப் பண்டங்கள் உள்ள வீட்டிலேயே பெரிபெரி வந்து சேர்கிறது. அது மூளையைத் தாக்கும்போது பார்வை இரட்டையாகத் தெரியும் அல்லது கண்மணி தானாக ஆடும். குடித்தவர்போல் நடை தடுமாறும். பேச்சிலும் நினைவிலும் குழப்பம் காணும். பாதங்களில் எரிச்சலும் மரப்பும் அதற்கு முன்னதாகவே தோன்றக் கூடும். தக்க தருணத்தில் பி-1 ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். தாமதித்தால் நினைவு திரும்பாமலே போய்விடுவதும் உண்டு. இன்னொன்றையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். களைத்துப் போனவருக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். சர்க்கரையை எரிப்பதற்குத் தயாமின் வேண்டியிருப்பதால், இருந்த சொற்பத்தையும் அந்தக் குளுக்கோஸ் செலவழித்து, நோயை ஒரே நாளில் முற்றவைத்துவிடக் கூடும். ஆகையால், இவருக்கு இரைப்பைச் சிகிச்சை நடந்திருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி இருக்கிறது, குளுக்கோஸுக்கு முன் பி-1 கொடுங்கள் என்று கேட்பதற்கு வீட்டில் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேட்பதில் கூச்சப்பட இடமே இல்லை.

அடுத்தது, 1922-இல் சார்லஸ் மிக்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் பெயரிட்ட ‘டம்பிங்’ என்னும் உபாதை. கொட்டிவிடுதல் என்று பொருள். இயற்கையான இரைப்பையின் அடியில் ஒரு வால்வு இருந்து, உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் அனுப்புகிறது. பைபாஸில் அந்த வாயிற்காவலனைத் தாண்டியே வழி செல்வதால், பாயசமோ கேசரியோ பழரசமோ உண்டால் அத்தனை சர்க்கரையும் ஒரே பாய்ச்சலில் குடலுக்குள் கொட்டிவிடுகிறது. அதை நீர்ப்பதற்காக இரத்தத்திலிருந்து ஜலம் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் மார்பு படபடக்கிறது, முகம் வியர்க்கிறது, வயிறு பிசைகிறது, சிலருக்குப் பேதியும் ஆகிறது. படுத்துக்கொண்டால் சற்று நேரத்தில் அடங்கும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இது வருவதுண்டு. ஆனால் அவ்வளவு அதிகமில்லை.

இதன் இரண்டாம் வடிவம் உண்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவதால், காரணத்தை யாரும் எளிதில் ஊகிப்பதில்லை. சர்க்கரை வெள்ளமாகப் பாய்ந்ததைக் கண்டு உடல் மிதமிஞ்சி இன்சுலினைச் சுரந்துவிடுகிறது. சர்க்கரை தீர்ந்த பிறகும் இன்சுலின் எஞ்சி நிற்கிறது. காலை ஒன்பது மணிக்கு விசேஷ வீட்டில் இரண்டு கரண்டி பாயசம் குடித்தவர், பதினோரு மணிக்குப் பேருந்து நிற்குமிடத்தில் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, பேச்சுக் குழறி நிற்பது இவ்வாறுதான். இது பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தலைகாட்டுகிறது. அந்த நேரத்துக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து சிறுகச் சிறுகக் கொடுத்து, கால் மணி கழித்து, நிதானம் வந்ததும் ஒரு முட்டையோ சிறிது சுண்டலோ கொடுக்கவேண்டும்; சர்க்கரையோடு நிறுத்திவிட்டால் அதுவே அடுத்த சுற்றுக்கு வித்தாகும். அடிக்கடி இப்படி நேர்பவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திவைத்துவிட்டு வைத்தியரைப் பார்க்கவேண்டும். இனிப்பை ஒழித்து, ஒவ்வொரு வேளையிலும் புரதத்தை முன்வைத்து, உணவைச் சிறு வேளைகளாகப் பிரித்துக்கொண்டால் பெரும்பாலோருக்கு இது கட்டுப்படும்.

மற்றச் சில்லறை உபாதைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உள்ளே செல்வது குறைந்தால் மலமும் குறையும்; இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இறுக்கமின்றிப் போனால் அது சிக்கல் ஆகாது. இறுகினால் முதலில் ஜலத்தைக் கூட்டுங்கள். இரும்புச் சத்து மாத்திரை அதற்குக் காரணமாக இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லி வேறு வகை கேளுங்கள். பைபாஸுக்குப் பிறகு பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும்; அவர்களுக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் சாதாரணம். குழாய் வடிவான இரைப்பையில் அழுத்தம் மிகுவதால் அமிலம் மேலே ஏறுகிறது. இரவு ஆகாரத்தைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, எழுதிக்கொடுத்த அமிலத் தடுப்பு மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டால் பலருக்கு ஆறுதல் கிடைக்கும்.

மூன்றாம் மாதம் வாக்கில் சீப்பில் கற்றை கற்றையாகத் தலைமயிர் வருவதைக் கண்டு, பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் அழுததுண்டு. அவர்களுக்கு ஆறுதலாக உண்மையைச் சொல்கிறேன். சரீரத்துக்கு ஒரு பெரிய அதிர்ச்சி நேரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் மயிரில் ஒரு பகுதி ஒரே காலத்தில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடுகிறது. ஓய்வு நிலை சுமார் மூன்று மாதம். அது முடிந்தவுடன் எல்லாம் ஒருங்கே உதிர்கின்றன. வேர் சாகவில்லை. புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறையாமல் இருந்தால் பெரும்பாலோருக்கு ஓராண்டு முடிவதற்குள் மயிர் மறுபடி அடர்ந்துவிடும். விலை உயர்ந்த தைலங்களுக்கு இதில் வேலை இல்லை. ஓராண்டுக்குப் பிறகும் உதிர்ந்துகொண்டே இருந்தால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் சில நாட்களிலேயே இரண்டும் தணியத் தொடங்குவது இந்தச் சிகிச்சையின் பெரிய நன்மை. அந்த நன்மையே, பழைய அளவில் மாத்திரையையும் இன்சுலினையும் தொடர்ந்தால் ஆபத்தாக மாறுகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால், நீர்க்குறைவுக்கு அடுத்தபடியாக அழுத்த மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும். தானாக நிறுத்திவிடாமல், வீட்டில் அளந்த கணக்கோடு வைத்தியரிடம் செல்ல வேண்டும். சத்து மாத்திரைகளோ ஆயுள் முழுவதற்கும் உரியவை. இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடவேண்டும்; இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு சேர்க்கக் கூடாது. பி-12 ஈரலில் ஆண்டுக்கணக்காகச் சேமிப்பில் இருப்பதால், மாத்திரையை விட்டவருக்கு அதன் குறை உடனே தெரிவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் சென்று கால் மரக்கும்போது பழைய சிகிச்சையை யாரும் நினைத்துப் பார்ப்பதுமில்லை. பெண்கள் சிகிச்சைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை கர்ப்பம் தரிப்பதைத் தள்ளிவைக்க வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் வேறு முறையை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

வீட்டின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் சில வாரங்களில் தையல் வரிசையில் கசிவு ஏற்படுவது அபூர்வம். ஏற்பட்டால் உயிருக்கே உலைவைக்கும். அதன் முதல் குறி பல வேளைகளில் வலியுமல்ல, காய்ச்சலுமல்ல, நாடியின் வேகம். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் எண்ணும் வித்தையை வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளுங்கள். படுத்து ஓய்ந்திருக்கும்போதும் எண்ணிக்கை 120-க்கு மேலேயே நின்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வயிற்று வலி, குறையாமல் கூடிவரும் இடது தோள் வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுதசை வலித்தல், தார்போல் கருத்த மலம், அரை நாளாக ஒரு மடக்குக் கூட உள்ளே தங்காமை, இவற்றில் ஒன்று கண்டாலும் அதே விதிதான். பைபாஸ் செய்துகொண்டவருக்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும், விட்டுவிட்டு முறுக்கும் வயிற்று வலி வந்தால், சிகிச்சையின்போது உண்டான இடுக்கில் குடல் புகுந்து சிக்கியிருக்கலாம். வலி விட்டுவிட்டதே என்று திருப்தி அடையாமல் சஸ்திர வைத்தியரிடம் காட்டவேண்டும். வலது விலாவின் அடியில் உணவுக்குப் பின் வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக இளைப்பவர்களுக்கு அது எளிதில் உண்டாகிறது.

புறப்படும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். எந்த முறைச் சிகிச்சை, எந்தத் தேதியில் நடந்தது என்பது அதில்தான் இருக்கிறது. இரவில் கடமையில் இருக்கும் புதிய டாக்டருக்கு அந்தத் தாள் ஒன்றே வழிகாட்டும். அதன் மேற்புறத்தில் ‘குளுக்கோஸுக்கு முன் பி-1’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, நாள்காட்டி தொங்கும் ஆணியிலேயே அதையும் மாட்டி வையுங்கள். நள்ளிரவில் பீரோவைக் குடைந்து தேடும்படி வைத்துவிடாதீர்கள்.